கனிமத்தின் பெயர் பிடிபடவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கையடக்க மாதிரிகளைக் கொண்டு கனிமங்களை இனங்காணும் செய்முறை வகுப்புகளில் ஆண்டுதோறும் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைத் திருத்தித் திருத்திச் சேர்த்த குறிப்புகளே இவை. கோட்பாடுகளுக்குள் நான் போகவில்லை. உங்கள் சோதனை எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகச் செல்லுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் காரணங்கள் செலவில்லாததில் தொடங்கி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை வரை செல்கின்றன.

தேவையான பொருள்கள் எளியவை: செப்புக் கம்பி, பேனாக்கத்தி, தடித்த கண்ணாடித் துண்டு, எஃகு அரம், பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், மெருகேற்றாத வெள்ளைப் பீங்கான் துண்டு, சாதாரணக் காந்தம், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு.

எந்தச் சோதனைக்கும் முன்: கல்லை உடைத்தீர்களா?

என்னிடம் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேல்தோல் நிறம் மாறி, மென்மையாகி, மண்ணிலிருந்து ஊறிய சுண்ணாம்பையும் இரும்புத் துருவையும் பூசிக்கொண்டிருக்கும். அதன்மீது செய்யும் சோதனை அந்தப் பூச்சைப் பற்றித்தான் சொல்லும், கல்லைப் பற்றிச் சொல்லாது. மாதிரியைச் சாக்குத் துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சுத்தியலால் ஒரே அடியில் உடைத்து, உள்ளே தெரியும் புதிய முகத்தில் சோதனையைத் தொடங்குங்கள். மாதிரி நார்நாராகப் பிரிவதாக இருந்தால் மட்டும் உடைக்கவும் வேண்டாம், பொடிக்கவும் வேண்டாம். அது கல்நாராக இருக்கக்கூடும், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அத்தகைய மாதிரியை நெகிழிப் பையில் இட்டு மூடி, கடைசித் தலைப்புக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: கத்தி கல்லைக் கீறுகிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியவில்லை

*முதல் காரணம்: கோடு கல்லில் விழவில்லை, கத்தியிலிருந்து உதிர்ந்தது.* வெள்ளை நிறக் குவார்ட்ஸ் துண்டு ஒன்றை, அதாவது ஊரில் வெங்கச்சாங்கல் என்று சொல்வதை, கத்தியால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சிலால் வரைந்ததைப் போல மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரியும். பார்த்தவுடன் கல் கீறப்பட்டுவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். கட்டைவிரலில் ஈரம் தொட்டு அந்தக் கோட்டைத் தேய்த்தால் அது அழிந்துபோகும், விரலில் கரிய மை ஒட்டும்; அது கத்தியின் இரும்பு. உண்மையான கீறலாக இருந்தால் ஈரத்தில் தேய்த்த பிறகும் பள்ளம் நிற்கும், நகநுனியை அதன் குறுக்கே இழுத்தால் தட்டும், கைலென்சில் இரு விளிம்புகளும் தெரியும். இந்த ஒரு துடைப்பைச் செய்யாமல் விடுவதால் குவார்ட்ஸ் கால்சைட்டாகவும், ஃபெல்ட்ஸ்பார் சுண்ணாம்புக்கல்லாகவும் பதிவேட்டில் ஏறுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

*இரண்டாவது காரணம்: மாதிரி ஒரே படிகமாக இல்லை.* மணிமணியாகவோ மண்கட்டியாகவோ இருக்கும் மாதிரியில் கத்தி கனிமத்தைக் கீறுவதில்லை. மணிகளுக்கிடையே உள்ள பிணைப்பைத்தான் பெயர்க்கிறது. சிவப்புக் காவிக்கட்டி போன்ற ஹேமடைட் நகத்துக்கே உதிரும், பளபளக்கும் படிக ஹேமடைட்டோ கத்திக்கு மசியாது. இரண்டும் ஒரே கனிமம்தான். இதைச் சரிபார்க்கச் சோதனையைத் திருப்பிச் செய்யுங்கள். மாதிரியின் கூரான முனையைக் கொண்டு கண்ணாடியைக் கீறி, பொடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணாடியில் பள்ளம் விழுந்தால், அந்த மாதிரியில் மோஸ் அளவுகோலில் (1 மிக மென்மை, 10 வைரம்) 5.5-க்கு மேற்பட்ட கடினத்தன்மை உள்ள பொருள் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கிறது.

*மூன்றாவது காரணம்: திசைக்குத் திசை கடினத்தன்மை மாறுகிறது.* நீல நிறப் பட்டைகளாக வளரும் கயனைட்டில் நீளவாக்கில் கத்தி எளிதில் கீறும், குறுக்கே இழுத்தால் வழுக்கிவிடும். நீளவாக்கில் அதன் கடினத்தன்மை ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை, குறுக்குவாக்கில் 6.5 முதல் 7 வரை. ஒரே முகத்தில் இரு திசையிலும் கீறி இருவேறு விடை கிடைத்தால் அதைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கயனைட்டுக்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

*நான்காவது காரணம்: இரண்டு கனிமங்கள் பின்னிக் கிடக்கின்றன.* சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டி எடுக்கப்படும் மேக்னசைட், மக்கள் வழக்கில் வெள்ளைக்கல், பீங்கான் போல நெருக்கமாகவும் வெண்மையாகவும் இருக்கும். அதன் கடினத்தன்மை 3.5 முதல் 4.5 வரை, எனவே கத்தி அதைக் கீற வேண்டும். ஆனால் அதே நரம்புகளில் சிலிக்கா இழையோடியிருப்பதுண்டு. கத்தி ஓர் அங்குலம் கீறிக்கொண்டே போய், திடீரென்று வழுக்கி, மீண்டும் கீறத் தொடங்கினால், வழுக்கிய இடம் சிலிக்கா. இந்த மாதிரிக்கு ஒரே எண்ணை எழுதாமல் இரு பகுதிகளையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள்.

அறிகுறி: அமிலம் இட்டால் பொங்க வேண்டியது பொங்கவில்லை

முதலில் அமிலத்தையே சோதியுங்கள். ஐயமில்லாத கால்சைட் துண்டிலோ, முட்டை ஓட்டிலோ, கடற்சிப்பியிலோ ஒரு சொட்டு விடுங்கள். அதிலும் நுரை எழவில்லையென்றால் அமிலம் நீர்த்துவிட்டது, புதியதை வாங்குங்கள். நீங்களே நீர்க்க வைப்பதாக இருந்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அமிலம் நன்றாக இருந்தும் மாதிரி அசையவில்லையென்றால், அதன் ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, விழுந்த பொடியின் மீது ஒரு சொட்டு விட்டு, கைலென்சால் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கால்சைட் கட்டியாக இருக்கும்போதே சீறிப் பொங்கும். டோலமைட் கட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் மௌனமாக இருக்கும், பொடியாக்கினால் மெல்ல நுரைக்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் பொடியாக இருந்தாலும் ஏறக்குறைய அசையாது. அமிலத்தைச் சூடாக்கினால்தான் பொங்கும். சூடான அமிலத்தின் ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும் என்பதால், அந்தச் சோதனையை ஆவிபோக்கி வசதியுள்ள ஆய்வகத்தில் செய்வதுதான் முறை. வீட்டிலிருந்து செய்பவர்களுக்கு மேக்னசைட்டைப் பிரித்தறியக் கீழே அடர்த்திச் சோதனை சொல்லியிருக்கிறேன். அது பாதுகாப்பானது, போதுமானதும்கூட.

அறிகுறி: அமிலம் இட்டால் பொங்கக் கூடாதது பொங்குகிறது

கருங்கல் பொங்குகிறது, ஃபெல்ட்ஸ்பார் பொங்குகிறது என்று வரும் மாதிரிகள் ஏராளம். தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் மண்ணுக்குள் சுக்கான் கல் படிவது வழக்கம்; அந்தச் சுண்ணாம்பு அக்கம்பக்கத்துக் கற்களின் மீது மெல்லிய வெண்தோலாகப் படர்ந்து, வெடிப்புகளுக்குள்ளும் இறங்கியிருக்கும். அமிலத்தில் பொங்குவது அந்தத் தோல்.

புதிதாக உடைந்த முகத்தின் நடுவில், வெடிப்பு எதுவும் ஓடாத இடமாகப் பார்த்து ஒரு சொட்டு விடுங்கள். அங்கே பொங்கவில்லையென்றால் பழி தோலுக்கே உரியது. அங்கேயும் பொங்கினால், நுரை எங்கிருந்து எழுகிறது என்று கைலென்சால் பாருங்கள். மணிகளின் எல்லைக் கோடுகளிலிருந்து மட்டும் எழுந்தால் கால்சைட் பின்னால் ஊடுருவியிருக்கிறது. முகம் முழுவதும் சீராக எழுந்தால் உங்கள் முதல் பெயர்தான் தவறு.

நுண்துளைகள் நிறைந்த கல்லில் எந்தத் திரவத்தை விட்டாலும் உள்ளிருக்கும் காற்று வெளியேறி நாலைந்து குமிழி எழும். ஐயம் இருந்தால் முதலில் வெறும் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: பீங்கானில் தேய்த்தால் பொடி நிறம் தெரியவில்லை, அல்லது எல்லாமே வெள்ளையாக வருகிறது

பீங்கான் துண்டின் கடினத்தன்மை ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை. அதைவிடக் கடினமான கனிமத்தைத் தேய்த்தால் உதிர்வது பீங்கானின் பொடிதான். வெள்ளைக் கோட்டைத் துடைத்துவிட்டு விரலால் தடவுங்கள். பீங்கானில் பள்ளம் இருந்தால் அந்த வெள்ளை கனிமத்துடையது அன்று. கார்னெட், குருந்தம் போன்றவற்றுக்கு இந்தச் சோதனையே பயன்படாது. உண்மையிலேயே மென்மையான கனிமம் வெள்ளைப் பொடி தந்தாலும் பெரிய பயன் இல்லை, வெளிர்நிறச் சிலிக்கேட்டுகளும் கார்பனேட்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான் தரும்.

பொடி நிறம் கைகொடுப்பது கரிய, கனமான, உலோக மிளிர்வுள்ள மாதிரிகளுக்குத்தான். கையில் வைத்துப் பார்த்தால் ஹேமடைட்டும் மேக்னடைட்டும் குரோமைட்டும் ஒன்றுபோலக் கருத்திருக்கும். தேய்த்தால் ஹேமடைட் செம்பழுப்பு, மேக்னடைட் கருப்பு, குரோமைட் கரும்பழுப்பு, கோதைட் மஞ்சள் கலந்த பழுப்பு. மாதிரி முழுக்கக் கருத்திருந்தும் பீங்கானில் காவி நிறம் இழுத்தால் தயங்காமல் ஹேமடைட் பக்கம் செல்லுங்கள். முன்பு தேய்த்த கனிமத்தின் பொடி பீங்கானில் தங்கியிருந்தால் விடை கலங்கும். ஒவ்வொரு முறையும் ஈர மணலால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுங்கள்.

அறிகுறி: காந்தம் ஒட்டுகிறது, ஆனால் கனிமத்தின் பெயர் பொருந்தவில்லை

சாதாரணக் காந்தம் பளிச்சென்று இழுத்தால் பெரும்பாலும் மேக்னடைட் இருக்கிறது. சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் வரிவரியான கல்லில் மேக்னடைட்டும் குவார்ட்சும் மாறி மாறி அடுக்கியிருப்பதால், காந்தம் கரிய வரியில் ஒட்டும், வெண்வரியில் நழுவும். காந்தத்தை நூலில் தொங்கவிட்டு மாதிரியின் மேலாக மெல்ல நகர்த்தினால் இது தெளிவாகத் தெரியும்.

விண்கல் என்று சொல்லிக் கொண்டுவரப்படும் கரிய, கனத்த, காந்தம் ஒட்டும் கட்டிகளை முதலில் இரும்புக் கிட்டமா என்று பாருங்கள். பழைய இரும்பு உருக்கும் உலைகள் இருந்த ஊர்களில் கிட்டம் வயலெல்லாம் கிடக்கும். உடைத்த முகத்தில் வட்ட வட்டமான காற்றுப் புழைகளும், கண்ணாடி போன்ற பளபளப்பும், பாகு வழிந்து உறைந்த மடிப்புகளும் இருந்தால் அது கிட்டம்.

கடற்கரைக் கருமணலில் காந்தத்தை வைத்தால் கொஞ்சம்தான் ஒட்டுகிறது என்பதற்கும் விடை எளிது. ஒட்டுவது மேக்னடைட், தங்கிவிடும் கருமணிகளில் பெரும்பகுதி இல்மனைட். அதற்குச் சாதாரணக் காந்தம் போதாது.

அறிகுறி: தங்கம் போல மின்னுகிறது

ஓர் ஊசியால் மின்னும் புள்ளியைக் கைலென்சின் கீழ் அழுத்துங்கள். தங்கம் குழியும், வளையும், உதிராது. பைரைட் தூளாக நொறுங்கும். ஏடு ஏடாகப் பிரிந்து, பிரிந்த ஏடு வளைந்து மீண்டும் நிமிர்ந்தால் அது காக்காப்பொன், அதாவது பொன்னிறமாக வெளுத்த கரும் மைக்கா. ஆற்றுமணலில் மின்னுவதாகக் கொண்டுவரப்படுவதில் பெரும்பகுதி இதுதான். தண்ணீரில் போட்டு ஆட்டினால் காக்காப்பொன் மிதந்து சுழலும், 19.3 ஒப்படர்த்தி (அதாவது அதே கனஅளவு நீரைப் போல 19.3 மடங்கு எடை) கொண்ட தங்கம் அடியில் அசையாமல் கிடக்கும். பைரைட்டின் ஒப்படர்த்தி 5, பொடி நிறம் பசுமை கலந்த கருப்பு. மஞ்சள் இன்னும் அடர்ந்து, வானவில் சாயல் படர்ந்து, கத்திக்குக் கீறினால் சால்கோபைரைட். பைரைட் கத்திக்குக் கீறாது.

சுத்தியலால் தட்டும்போது பூண்டு வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது ஆர்சனிக் கலந்த கனிமத்தின் அடையாளம். கையைக் கழுவிவிட்டு, மாதிரியைப் பையில் மூடி வையுங்கள்.

அறிகுறி: வெள்ளைக் கற்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன

இங்கே நிறத்தை மறந்துவிட்டு, உடைந்த விதத்தைப் பாருங்கள். மாதிரியை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முகம் முழுவதும் கண்ணாடி போலப் பளிச்சிட்டு அணைந்தால் அங்கே பிளவுத்தளம், அதாவது கனிமம் இயல்பாகப் பிளக்கும் தட்டையான தளம், இருக்கிறது. எந்தக் கோணத்திலும் அப்படிப் பளிச்சிடாமல், உடைந்த கண்ணாடிப் புட்டியைப் போல வளைந்த முகமே தெரிந்தால் குவார்ட்ஸ் பக்கம் செல்லுங்கள். ஏறத்தாழச் செங்கோணத்தில் வெட்டும் இரு பிளவுகள், கத்திக்குக் கீறாத தன்மை: ஃபெல்ட்ஸ்பார். சாய்ந்த பெட்டி போல மூன்று திசையில் பிளந்து, கத்திக்குக் கீறி, அமிலத்தில் சீறினால் கால்சைட். நகத்துக்கே கீறினால் ஜிப்சம். பிளவும் தெரியாமல், பீங்கான் முகத்தோடு, நாக்கில் ஒட்டினாற்போல ஈரத்தை உறிஞ்சினால் சேலத்து மேக்னசைட்டை நினையுங்கள். நாக்கில் வைக்க வேண்டாம், ஈரவிரலே போதும்.

கையில் எடுத்ததும் "இவ்வளவு கனமா" என்று தோன்றினால் பாரைட். ஆந்திரத்து மங்கம்பேட்டையில் பெருமளவு கிடைக்கும் அதன் ஒப்படர்த்தி 4.5, அதே அளவுள்ள கால்சைட் 2.7 மட்டுமே.

அறிகுறி: ஒப்படர்த்தி அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை

முறையை முதலில் சரிபாருங்கள். உலர்ந்த மாதிரியின் எடையைக் குறியுங்கள். தராசில் நீர்க் குவளையை வைத்துச் சுழியமாக்கி, மாதிரியை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். அப்போது காட்டும் எண் மாதிரியின் கனஅளவு. எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. 60 கிராம் எடையுள்ள வெள்ளைக்கல் நீரில் 20 என்று காட்டினால் விடை 3.0, மேக்னசைட்டோடு ஒத்துப்போகிறது. அதே எடையுள்ள கால்சைட் 22.1 என்று காட்டியிருக்கும்.

விடை பிசகினால் காரணங்கள் வரிசையாக இவை. மாதிரி அடியைத் தொட்டிருக்கலாம். மேற்பரப்பில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கலாம். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்தால் விலகும். மாதிரி நுண்துளை உடையதாக இருக்கலாம். உலர் எடையைக் குறித்துவிட்டு ஓர் இரவு ஊறவைத்துப் பின் தொங்கவிடுங்கள். எல்லாவற்றையும்விட அடிக்கடி நிகழ்வது, மாதிரி சிறியதாக இருப்பது. 2.0 கிராம் சிவப்புக் கல் நீரில் 0.5 என்று காட்டினால் விடை 4.0, தராசு ஒரே புள்ளி நகர்ந்து 0.6 என்று காட்டினால் 3.3. முதல் விடையில் அது கார்னெட்டாகவோ குருந்தமாகவோ இருக்கலாம், இரண்டாவதில் இரண்டுமே இல்லை. பத்து கிராமுக்குக் குறைந்த மாதிரிக்கு இந்தத் தராசை நம்பாதீர்கள். நகைத் தொழிலாளர்களின் மில்லிகிராம் தராசில் செய்யுங்கள்.

ஆனால் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அடர்த்தி மட்டும் கார்னெட்டையும் குருந்தத்தையும் பிரிக்காது, இரண்டும் 4-ஐ ஒட்டியே இருக்கின்றன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெண்பாறைக்குள் பதிந்து கிடைக்கும் இளஞ்சிவப்புக் குருந்தத்தைக் கார்னெட் என்று ஒதுக்கிவிட்டவர்கள் உண்டு. கூரிய முனையால் குவார்ட்சைக் கீறினால் இரண்டுமே கீறும். புஷ்பராகத்தை (இங்கே டோபாஸ், மஞ்சள் நீலக்கல் அன்று) கீறுவது குருந்தம் மட்டுமே. தமிழ் மரபில் வழங்கும் குருந்தம் என்ற பெயர்தான் ஆங்கிலத்திலும் ‘கொரண்டம்’ (corundum) என்று அந்தக் கனிமத்துக்கு வழங்குகிறது என்பதால், இதைத் தவறாக எழுதும்போது எனக்குக் கூடுதலாக வருத்தம் உண்டாகிறது.

அறிகுறி: எல்லாச் சோதனையும் சரி, ஆனால் முடிவுகள் இரண்டு கனிமங்களுக்குப் பொருந்துகின்றன

நீங்கள் கையில் வைத்திருப்பது கனிமம் அன்று, பாறை. பாக்சைட் கனிமம் அன்று, பல அலுமினிய ஹைட்ராக்சைடுகளின் கலவை. லிமோனைட்டும் கலவைப் பெயரே. கைலென்சில் மணிகளைத் தனித்தனியே பார்த்து ஒவ்வொன்றையும் சோதியுங்கள்.

இதில் மிகவும் திணறவைப்பது சார்னக்கைட். சென்னைப் பரங்கிமலையில் காணப்படுவதும், தாமஸ் ஹாலண்ட் 1900-இல் விரிவாக விவரித்ததுமான இந்தப் பாறையில், ஃபெல்ட்ஸ்பார் எண்ணெய் பூசியதுபோல் பசுமை கலந்து இருண்டும், குவார்ட்ஸ் நீலச் சாம்பலாகவும் இருப்பதால், புதிதாக உடைத்த முகத்தில் எல்லாமே கரிய கனிமமாகத் தோன்றும். நான் முதலில் சொன்ன விதி இங்கே மட்டும் சற்றுத் திரும்புகிறது. நிறம் வெளுத்த மேல்தோலையும் புதிய முகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான், மணிகளின் எல்லையும் அவற்றில் எவை ஃபெல்ட்ஸ்பார் என்பதும் பிடிபடும். பெயர்களைத் தீர்மானிக்கும் சோதனைகளைப் புதிய முகத்திலேயே செய்யுங்கள்.

கைபேசிச் செயலி ஒரு பெயரும் புத்தகம் வேறு பெயரும் சொன்னால், இரண்டும் ஒரே படிநிலையில் பேசுகின்றனவா என்று பாருங்கள். ஃபெல்ட்ஸ்பார், கார்னெட் ஆகியவை குழுவின் பெயர்கள். மைக்ரோக்ளைன், அல்மண்டைன் ஆகியவை இனப் பெயர்கள். படத்தின் நிறத்தைக் கொண்டு மட்டும் செயலி சொல்லும் பெயரைச் சோதனையின் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ள முடியாது.

எப்போது ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்

உறுதிப்படுத்தப்பட்ட கனிம இனங்கள் 6000-க்கும் மேல்; கையால் செய்யும் சோதனைகள் அவற்றில் சிறு பகுதியைத்தான் பிரிக்கும். மணிகள் கைலென்சுக்கும் தெரியாத அளவு நுண்ணியவை, மாதிரி களிமண், பணமதிப்பு உள்ள கல், கீறிப் பார்க்கக் கூடாத பட்டைதீட்டிய கல், நார்த்தன்மை உடையது, ஆர்சனிக் வாடை வந்தது: இவற்றில் எது பொருந்தினாலும் மேற்கொண்டு சோதிக்காதீர்கள். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கிறது; அத்தகைய மணலை அள்ளிவந்து வீட்டில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

எந்தச் சோதனையைக் கேட்பது என்பதில்தான் பணம் வீணாகிறது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி (XRF) தனிமங்களைத்தான் சொல்லும், கனிமத்தைச் சொல்லாது. கயனைட், ஆண்டலுசைட், சில்லிமனைட் மூன்றுக்கும் வேதிக்கூறு ஒன்றே. கால்சைட்டும் அரகோனைட்டும் அப்படியே. கையடக்கக் கருவி பெரிலியத்தைக் காணாது என்பதால், காங்கேயம் வட்டாரத்துப் பெரில் மாதிரியை அனுப்பினால் அதைப் பெரில் என்று அந்த அறிக்கை காட்டிக்கொடுக்காது. கனிமத்தின் பெயர் வேண்டுமென்றால் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையை (XRD) கேளுங்கள். பாறைக்குள் எந்தக் கனிமம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த மெல்சீவலை முனைவாக்க நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். நிலவியல் (ஜியாலஜி) துறை உள்ள கல்லூரிகளில் இதற்கான நுண்ணோக்கி பெரும்பாலும் இருக்கும். அங்கே கேட்பது செலவு குறைந்த வழி.

அனுப்பும்போது மாதிரியை இரண்டாக உடைத்து ஒரு பாதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பாதியோடு, எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள், பாறையில் பதிந்திருந்ததா தளர்ந்து கிடந்ததா என்ற குறிப்பு, நீங்கள் செய்த சோதனைகளும் அவற்றின் முடிவுகளும் எழுதிய தாள் ஒன்றையும் வையுங்கள். அமிலம் பட்ட துண்டை அனுப்புவதாக இருந்தால் கழுவி உலர்த்தி, அமிலம் பட்டது என்று அந்தத் தாளிலேயே குறிப்பிடுங்கள்.